சரியாகப் பேசிய குரல்

தோன்கி, அமூர்க் கரை
8 டிசம்பர் 1957

அன்புத் தம்பி எஃபிமுக்கு,

அக்கா அக்குலினா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? தீவில் குளிர் எப்படி? போன வருஷம் அனுப்பிய மான்தோல் காலுறை இன்னும் தாங்குகிறதா, கிழிந்துவிட்டதா? இங்கே நானும் குழந்தை உஸ்யாவும் சுகம். உன் அத்தானும் இப்போது சுகம் என்றே சொல்ல வேண்டும்.

"இப்போது" என்றதும் திடுக்கிட்டிருப்பாய். பயப்படாமல் படி. ஆறு உறைந்த புதிதில், அக்கரைக் காட்டில் பொறி வைத்துவிட்டு உன் அத்தான் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். நட்டாற்றில் பனி உடைந்துவிட்டது. நாய்கள் வாரை அறுத்துக்கொண்டு கரையேறிவிட்டன. அவர் வண்டியோடு உள்ளே போய்விட்டார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், எஃபிம். ஆள் இருந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை. அதன்மேல் ஆவி.

ஆற்றோட்டத்தில் கொஞ்சம் கீழே, கூட்டுப்பண்ணை ஆட்கள் வலை இறக்க வெட்டி வைத்திருந்த துளையில்தான் முதலில் அவர் தொப்பி வந்திருக்கிறது. பின்னாலேயே தலை. வலையை இழுப்பதுபோல இழுத்துப் போட்டார்கள். மூச்சு இல்லை. "பொண்டாட்டிக்கு ஆள் அனுப்புங்கப்பா" என்று ஒருவர் சொல்லியும் விட்டாராம். இன்னொருவர் விடாமல் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க, ஆற்றைக் கக்கிவிட்டுக் கண் திறந்தார்.

வெகு நாள் வாய் திறக்கவில்லை. நேற்றுதான் என்னைப் பார்த்து, "தண்ணி குடு" என்றார். குவளையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேச்சு மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறது. சரியாகிவிடும்.

உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.
அக்குலினா

*

ஷந்தார் தீவு வானிலை நிலையம்
27 ஜனவரி 1958

அன்பு அக்கா,

வணக்கம். விமானம் நேற்றுதான் வந்தது. உன் கடிதமும் ஒரு மூட்டை வெங்காயமும் சேர்ந்து வந்தன. நான் சுகம். காலுறையும் சுகம். அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது? உஸ்யா வளர்ந்திருப்பாளே?

இங்கே நானும் க்ளேபும் இரண்டே பேர். அவன் ரஷ்யன், நல்லவன், நம் பேச்சில் ஒரு சொல் தெரியாது. அதனால் உன் கடிதம் வந்தால் வெளியே போய், காற்றைப் பார்த்து நின்று உரக்கப் படிப்பேன். ஒரு வருஷத்தில் நம் நானாய் இனத்தின் மொழி என் காதில் விழுவது அப்போது மட்டும்தான், அதுவும் என் வாயிலிருந்தே. இந்த முறை அத்தான் உள்ளே போன இடம் வந்ததும் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

அக்கா, "கொஞ்சம் தடுமாறுகிறது" என்று எழுதியிருக்கிறாய். நீ கொஞ்சம் என்று சொன்னால் அது கொஞ்சமாக இருந்ததே இல்லை. எப்படித் தடுமாறுகிறது? வாய் கோணுகிறதா? ஆட்களின் பெயர் மறக்கிறதா? வட்டாரத்திலிருந்து மருத்துவ உதவியாளர் வந்தால் காட்டு. மூச்சடைத்துக் கிடந்தவர்களுக்குத் தலைக்குள்ளே ஏதாவது விட்டுப்போகும் என்று க்ளேப் சொல்கிறான். அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

உங்கள் கூரைமேல் பனி இலேசாக விழட்டும்.
எஃபிம்

*

தோன்கி
19 பிப்ரவரி 1958

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? வெங்காயத்தை உறையவிட்டுவிடாதே, உமியில் புதைத்து வை. நாங்கள் மூவரும் நலம். உஸ்யா இப்போது ஓயாமல் பேசுகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வாய் கோணவில்லை. ஒரு பெயரும் மறக்கவில்லை. சொல்லெல்லாம் இருக்கிறது. வால்தான் மாறிப்போயிருக்கிறது.

படகு என்றால் "ஒக்தா." படகை என்று சொல்லும்போது நம் வாய் தானாக அகன்று "ஒக்தாவ" என்று முடியும். தண்ணீர் "முஎ." தண்ணீரை என்றால் வாய் தானாக ஒடுங்கி "முஎவெ" ஆகும். தலை தடித்த சொல்லுக்கு வாலும் தடிப்பு, தலை மெலிந்ததற்கு வாலும் மெலிவு. இதை யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள்? கால் மாற்றிச் செருப்புப் போட்டால் தெரிவதுபோலத் தெரியும், அவ்வளவுதான். உன் அத்தான் "ஒக்தாவெ" என்கிறார். "முஎவ" என்கிறார். ஒன்றிரண்டு சொல் இல்லை, எல்லாச் சொல்லும் அப்படித்தான். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாரே, அன்றைக்கே அப்படித்தான் கேட்டார். நான் உனக்கு எழுதவில்லை.

மருத்துவ உதவியாளர் வந்து போனாள். ரஷ்யப் பெண். அவர் நாக்கை நீட்டச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள். ரஷ்ய மொழியில் கேள்வி கேட்டாள், அவர் பிசகில்லாமல் பதில் சொன்னார். "இவர் நல்லாத்தானே பேசுறார்? என்னைவிடத் தெளிவாப் பேசுறார். உங்களுக்கு என்னதான் கவலை?" என்று என்னைக் கேட்டாள். என்னவென்று சொல்வேன்? தைலம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். அடுத்த வீட்டு ஃபெக்லா இருக்கிறாளே, மீன் சீவிக்கொண்டே சத்தமாகக் கேட்டாள்: "ஏண்டி அக்குலினா, ஆத்துல விழுந்தது ஒருத்தன், ஏறி வந்தது வேற ஒருத்தனா இருக்கப்போவுது. ராத்திரி நல்லாத் தடவிப் பாத்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒனக்குச் சந்தேகம்னா நீ வந்து பாரு" என்றேன். ஆனால் அன்று முதல் வலை இழுக்கிற இடத்தில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவர் தேநீர் குடித்த குவளையைத் தனியாக வைக்கிறார்கள்.

அவருக்கு அது தெரியும். தான் பேசுவது தப்பு என்பதும் தெரியும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் திருத்துவேன், அவர் திருப்பிச் சொல்வார், திரும்பவும் அதே வால்தான் வரும். போன வாரம், "விடு அக்குலினா. உள்ள ஏதோ கழண்டு போச்சு" என்று சிரித்தார். அதிலிருந்து நான் திருத்துவதில்லை.

உஸ்யா அவரோடு சேர்ந்து அவர் மாதிரியே பேசுகிறாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து தாங்களாக ஒரு மொழி வைத்திருப்பதுபோலப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் காது கூசுகிறது.

தம்பி, உன் தீவில் கடல் உறையும்போது அதிலிருந்து சத்தம் கேட்குமா? மனுஷக் குரல் மாதிரி?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்குலினா

*

ஷந்தார் தீவு
11 மார்ச் 1958

அன்பு அக்கா,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? அத்தான் எழுந்து நடமாடி வேலைக்குப் போவதே பெரிய காரியம்.

உன் கடிதத்தை வழக்கம்போல வெளியே நின்று படித்தேன். "ஒக்தாவெ" என்று வாய்விட்டுச் சொன்னதும் முதலில் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. என் வாய்க்குள் வேறு யாருடைய நாக்கோ புரண்ட மாதிரி இருந்தது. அதற்காக அத்தானைச் சந்தேகப்படாதே. தலைக்குள் விட்டுப்போனது என்று க்ளேப் சொன்னது இதுதான் போலிருக்கிறது. பொறுமையாக இரு. ஃபெக்லாவின் வாய்க்கு நான் வரும்போது ஒரு பூட்டு வாங்கி வருகிறேன்.

பனி சத்தம் போடும், அக்கா. விரியும்போது பீரங்கி மாதிரி. நெருக்கும்போது நாய் முனகுவது மாதிரி. விசில் மாதிரியும் கேட்டிருக்கிறேன். மனுஷக் குரலாக ஒருபோதும் கேட்டதில்லை. ஏன் கேட்டாய்?

உடனே பதில் போடு. ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆற்றுப் பனி இளகி உங்கள் பக்கம் தபால் வண்டி நின்றுவிடும்.
எஃபிம்

*

தோன்கி
24 மார்ச் 1958

தம்பிக்கு,

வணக்கம். சுகமா? நாங்கள் ரொம்ப நன்றாக இருக்கிறோம். அத்தான் புது வண்டி செய்கிறார். பூர்ச்ச மரத்தை நீராவியில் வளைத்து முகப்பு வைத்திருக்கிறார், அழகாக இருக்கிறது. உஸ்யாவுக்குச் சிவப்பில் ஒரு மேலங்கி தைத்தேன். வெயில் நன்றாக அடிக்கிறது. இப்போதெல்லாம் தண்ணீர் எடுக்க நானே போகிறேன். உஸ்யாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கும் வெளிக்காற்று வேண்டுமே.

வேறு விசேஷம் இல்லை.
அக்குலினா

*

தோன்கி
28 மார்ச் 1958

மச்சான் எஃபிமுக்கு,

அர்ஹிப் திகோர் எழுதுவது. நலமா? நான் ரஷ்ய மொழியில் எழுதுவதை வித்தியாசமாக நினைக்காதே. அதில் எனக்குப் பிசகு வருவதில்லை. காரணம் உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் தினமும் உச்சிப் பொழுதில் தண்ணீர் எடுக்கப் போகிறாள். வீட்டில் தண்ணீர் நிறைய இருக்கும்போதும் போகிறாள். போனால் வெகு நேரம் வருவதில்லை. ஒரு நாள் பின்னால் போய் வலைக்கொட்டகையின் மறைவில் நின்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, அக்கரையைப் பார்த்து நின்றிருந்தாள். காற்றே இல்லை. பனியில் வெயில் பட்டுக் கண் திறக்க முடியவில்லை. ஆற்றில் ஒரு ஈ, காக்கை கிடையாது.

அப்போது அக்கரையிலிருந்து கூப்பிட்டது. "அக்குலினா, படகைக் கொண்டு வா" என்று.

மச்சான், அது என் குரல். நான் கல்யாணமான புதிதில் அக்கரையில் வேட்டை முடித்து நின்று அவளைக் கூப்பிடுவேனே, அதே குரல், அதே இழுப்பு. ஆறு முழுக்கக் கல்லாக உறைந்து கிடக்கும்போது படகு எதற்கு? ஆனால் "ஒக்தாவ" என்று சொன்னது. அத்தனை சுத்தமாகச் சொன்னது. நான் எத்தனை முயன்றும் என் வாய்க்கு வராத வால்.

உன் அக்கா பதில் குரல் கொடுத்தாள். என்ன சொன்னாள் என்று எழுத எனக்கு மனம் இல்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பனிக்கு அடியில் போனபோது இருட்டில் கத்தினேன். வாயிலிருந்து ஏதோ போனது. நான் கீழ்த்துளையில் வந்தேன், அது அந்தப் பக்கம் கரையேறிவிட்டது. அவள் கட்டிக்கொண்டது அந்தப் பேச்சைத்தான் என்று சில சமயம் நினைக்கிறேன். அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தையைக் கூடக் கூட்டிப் போகிறாள். பனி கறுக்கத் தொடங்கிவிட்டது. நான் சொன்னால் அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். நீ எழுது. உன் பேச்சை அவள் கேட்பாள்.

அர்ஹிப்

*

ஷந்தார் தீவு
19 ஏப்ரல் 1958

அக்கா,

நலம் விசாரிக்கப் பிறகு நேரம் இருக்கிறது. நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். நீ எதற்கு ஆற்றுக்குப் போகிறாய்? நான் பனிச் சத்தத்தைப் பற்றி எழுதி, ஏன் கேட்டாய் என்று கேட்டேன். வண்டிக்கு முகப்பு வைத்த கதை எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கையைச் சுட்டுக்கொண்டபோதும் இப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானிலை பேசுவாய்.

அங்கே எது கூப்பிட்டாலும் அது உன் புருஷன் இல்லை. உன் புருஷன் வீட்டில் உட்கார்ந்து மரத்தை வளைத்துக்கொண்டிருக்கிறார். கஞ்சி குடிக்கிறார், குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார். வால் தப்பினால் தப்பட்டும். கண்ணைத் திறந்து பார்த்து எது உன்னுடையது என்று முடிவு செய்.

உஸ்யாவை ஆற்றுக்குக் கூட்டிப் போகாதே. இது நான் கேட்பது இல்லை, கட்டளை. தம்பி அக்காவுக்குக் கட்டளை போடக்கூடாது என்றால் வந்து அடி.

தபால் நின்றுவிட்டிருக்கும், இது எப்போது உன் கையில் கிடைக்குமோ. க்ளேபிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.
எஃபிம்

*

தோன்கி
30 மே 1958

அன்புத் தம்பிக்கு,

முதல் படகு இன்று வந்தது. அதில் உன் கடிதம். நீ சுகமா? நாங்கள் மூவரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மற்றதைப் படி.

நீ தடுத்தது எல்லாம் உன் கடிதம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மறைத்துப் பயனில்லை. ஜனவரியிலிருந்து கேட்டேன், எஃபிம். முதல் நாள் வாளி கையிலிருந்து நழுவி ஓடிப்போய்விட்டேன். அடுத்த நாள் ஓடவில்லை. அதற்கப்புறம் அந்தக் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் அவர் பேசும்போதெல்லாம் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும். ஆற்றங்கரையில் எல்லாச் சொல்லும் வழுக்கிக்கொண்டு வரும். நான் வருகிறேன், ஆறு திறக்கட்டும், படகோடு வருகிறேன் என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி ஊற்றினேன்.

ஃபெக்லா அந்தத் துறையில் தண்ணீர் எடுப்பதையே விட்டுவிட்டாள். "ஏன்க்கா அவ்வளவு தூரம் சுத்திப் போற?" என்று கேட்டேன். "நான் எதையும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீயும் என்கிட்ட எதையும் கேக்காத" என்று போய்விட்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள். பனி கறுத்து, கரையோரம் தண்ணீர் நின்றது. ஏறிப்போகப் பலகை போட்டிருந்தார்கள். உஸ்யாவைக் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார வைத்துவிட்டு நான் நின்றேன். கண்ணை மூடினால் குரல் இன்னும் தெளிவாக வரும். அன்று வெகு நேரம் வரவில்லை. பிறகு வந்தது. ஆனால் என்னைக் கூப்பிடவில்லை.

"உஸ்யா, மீனைத் தின்ன வா. உஸ்யா, மீனைத் தின்ன வா."

கண்ணைத் திறந்தேன். படகின் மேல் குழந்தை இல்லை. சிவப்பு மேலங்கி பலகையைத் தாண்டி, ஆற்றின் மேல் நெடுந்தூரம் போயிருந்தது. கத்தினேன். திரும்பவில்லை. ஒரு காலை வைத்தேன், முழங்கால்வரை உள்ளே போனது. அவள் எடைக்குத் தாங்குகிற பனி எனக்குத் தாங்கவில்லை. பின்னால் காலடி கேட்டது. உன் அத்தான் வலைக்கொட்டகையிலிருந்து ஓடி வந்து, ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் பனிமேல் ஊர்ந்து போனார். ஒருமுறை அந்த ஆறு தின்று துப்பிய மனுஷன், தம்பி. ஓர் இடத்துக்கு மேல் போக முடியவில்லை. பனி நெரிந்தது. அங்கேயே படுத்துக்கொண்டு கத்தினார்.

"உஸ்யா, மீனைத் தின்ன வா!"

அவருக்கும் அதே வார்த்தைதான் வாயில் வந்திருக்கிறது. வேறு எதுவும் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். மீனை என்பதற்கு அக்கரையிலிருந்து "சொக்தாதாவ" என்று அது சொல்கிறது. இவர் "சொக்தாதாவெ" என்கிறார். ஒரே குரல், இரண்டு பக்கம். ஒன்று சுத்தம், ஒன்று பிசகு. குழந்தை நடுவில் நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று, நானும் அப்போது கத்தியிருந்தால் என் வாலும் அந்தப் பக்கத்து வால்தானே.

திரும்பி நடந்து வந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். அவர் கைக்கு எட்டியதும் மேலங்கியைப் பின்னலோடு சேர்த்துப் பிடித்து இழுத்து மார்போடு கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தார். கரையில் விட்டதும் நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "ஏம்மா அழுவுற?" என்று கேட்டாள்.

"அங்க ஏண்டி போன?" என்றேன்.

"அப்பா கூப்பிட்டாருன்னு போனேன். அங்க இருக்கிறது அப்பா இல்ல. அது சரியாப் பேசுது."

அவர் என்னைப் பார்த்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு அடுப்பில் விறகு வைத்தார்.

மறு வாரம் பனி உடைந்து போனது. நான் ஆற்றுக்குப் போகவில்லை.
அக்குலினா

*

ஷந்தார் தீவு
2 ஜூலை 1958

அன்பு அக்கா,

உஸ்யா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை.

கடிதத்தை வெளியே கொண்டுபோகவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் படித்தேன். கடலுக்குக் கேட்கும்படி படிக்கத் துணிவில்லை.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. அந்தப் பிசகுதான் இனி உங்களுக்குக் காவல். அதைத் திருத்தாதே. உஸ்யாவும் அப்படியே பேசட்டும். ஃபெக்லாவும் ஊரும் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். எது வேண்டுமானாலும் அத்தான் குரலில் கூப்பிடலாம், அத்தானுடைய தப்பு அதற்கு வராது. உன் கடிதம் வந்தபிறகு இதை நினைத்துத்தான் தூங்கினேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.
எஃபிம்

*

தோன்கி
14 செப்டம்பர் 1958

அன்புத் தம்பிக்கு,

சுகமா? சால்மன் வந்துவிட்டது. ஊரே ஆற்றில் நிற்கிறது, கை கால் எல்லாம் செதில். எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். கோடை முழுவதும் நாங்கள் நன்றாகவே இருந்தோம். அவர் பேச்சு என் காதுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் நானே "முஎவ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நேற்று மத்தியானம் வீட்டு வாசலில் மீன் சீவிக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து அவர் குரல் கேட்டது. "உஸ்யா, மீனைத் தின்ன வா" என்று. "சொக்தாதாவெ." அவருடைய வால். உஸ்யா துள்ளி எழுந்து, "இதோ வரேம்ப்பா" என்று ஓடினாள். நானும் கத்தியைக் கூட நிறுத்தவில்லை. அப்போது வீட்டுக்குள்ளே இருந்து, வலை ஊசியைக் கையில் பிடித்தபடி, உன் அத்தான் வெளியே வந்தார்.

எப்படி ஓடினோம் என்று எனக்குத் தெரியாது. போய்ப் பிடித்தபோது தண்ணீர் அவள் இடுப்புவரை வந்திருந்தது.

அது கற்றுக்கொண்டுவிட்டது, எஃபிம். கோடை முழுக்கச் சும்மா இருக்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

இரவு சாப்பிடும்போது அவர் முள் எடுத்து உஸ்யாவுக்கு மீன் ஊட்டினார். பிறகு ரஷ்ய மொழியில் சொன்னார், "அதுக்கு இந்த ரஷ்யப் பேச்சு தெரியாது. அன்னிக்குத் தண்ணிக்குள்ள நான் நம்ம பேச்சுலதான் கத்தினேன். அதுதான் அதுகிட்ட இருக்கு. இது என்கிட்டயே தங்கிடுச்சு." நான் நம் பேச்சில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "இனிமே இந்தப் பொண்ணுக்கு அதுல ஒரு வார்த்தை தெரியக்கூடாது. அதுல யார் கூப்பிட்டாலும் அவளுக்குப் புரியக்கூடாது. மறந்துடுவா. சின்னப் புள்ளதானே."

நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லி எழுதுவது உனக்குத் தெரியும். அதனால் நம் மொழியில் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம் இது. இனி ரஷ்ய மொழியில் எழுதுவேன். நீயும் அப்படியே எழுது. இதை எழுதும்போது வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் வாலோடு முழுதாகச் சொல்லிச் சொல்லி எழுதினேன்.

என் தம்பி, நன்றாக இரு.
அக்குலினா

*

ஷந்தார் தீவு
20 நவம்பர் 1958

அன்பு அக்கா,

நலம். நீ சொன்னபடி ரஷ்ய மொழியில் எழுதுகிறேன். குழந்தை முக்கியம். அத்தான் சொன்னதே சரி.

வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை. காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது.
எஃபிம்

*

தோன்கி
6 ஆகஸ்டு 1961

அன்புள்ள தம்பி எஃபிம்,

வெகு நாளாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நலமாக இருக்கிறாயா? இந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் எனக்கு விசாரிப்பைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை, உனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அர்ஹிப் நலம். அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. உஸ்யாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. செப்டம்பரில் விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். ஆசிரியை வந்து பேசிப் பார்த்துவிட்டு, "இந்தக் கரையில இவ்வளவு நல்லா ரஷ்யன் பேசுற பிள்ளை வேற இல்ல" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

அவள் மறந்துவிட்டாள். முதல் குளிர்காலத்தில் தூக்கத்தில் மட்டும் பேசுவாள். பிறகு அதுவும் நின்றது. இந்த மூன்று வருஷத்தில் அக்கரையிலிருந்து எதுவும் கேட்கவில்லை. பசியாறிப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

இன்று காலை அவளும் நானும் துறையில் துணி அலசிக்கொண்டிருந்தோம். அர்ஹிப் கொஞ்சம் தள்ளி வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். உஸ்யா நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தாள்.

"அம்மா, அங்க ஒரு குட்டிப் பொண்ணு நின்னு கத்துது. கேக்குதா?"

கேட்டது. அது அர்ஹிப்பின் குரல் இல்லை. மூன்று வயதுக் குரல். வாலெல்லாம் பிசகிய, உஸ்யா அப்பாவோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசி மறந்துபோன பேச்சு. எனக்கு அந்தக் குரலைத் தெரியாதா? நான் பெற்ற குரல். அம்மா, குளிருது, அம்மா, குளிருது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அர்ஹிப் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் கை மட்டும் நின்றுவிட்டது.

"யாரும்மா அது? என்ன சொல்லுது?" என்று என் மகள் கேட்டாள்.

"தெரியலடி" என்றேன். "துணியைப் பிழி."

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
அக்குலினா